எங்கள் பங்கின் மதலேனாள்

எங்கள் பங்குக் கோயிலில், யேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் அந்த வருடம் கல்லெறிந்த பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பதினைந்து பதினாறு பேர் இருந்தோம். பாதிப் பேர் இப்போது கனடாவிலும் பாரிசிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே திருகோணமலையில் மிஞ்சியவர்களுக்கு என்னைப் போலவே முழங்கால் நோவும் சீனி வருத்தமும். நாங்கள் எறிந்தது வெறும் கடதாசிக் கல்தானே என்று யாராவது வாயெடுப்பதாக இருந்தால், இதைக் கடைசிவரை வாசித்துவிட்டு எடுங்கள்.

என் சின்னம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் தங்கை. துறைமுகக் கரையில் கருவாடு காயப்போடும் வாடி வைத்திருந்தவர். அம்மப்பா செத்தபோது, ஆண்பிள்ளை இல்லாத வீடு, வாடியை விற்றுவிடுங்கள் என்று ஊர் முழுக்கப் புத்தி சொன்னது. சின்னம்மாவுக்கு அப்போது இருபது வயது. விற்கவில்லை. நிலாவெளியிலிருந்து உப்பு வரும், விடிய வள்ளங்களில் மீன் வரும். கட்டா மீனைக் கீறிக் குடல் எடுத்து, உப்பு வைத்து, பரணில் பரப்பிக் காய விடும்வரை அவர் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டார். விலை பேசுவார். லொறிக்காரரோடு வாய்ச்சண்டை பிடிப்பார். நான் சொல்லும் இந்தத் தபசு காலத்தில் எனக்குப் பத்து வயது, அவருக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை.

"இந்த மணத்துக்குள்ள ஆர் வந்து பொம்பிளை பாக்கிறது?" என்று அம்மா முணுமுணுப்பார்.

எனக்கு அந்த மணம்தான் வீடு. சின்னம்மாவின் பாயில்தான் படுப்பேன். எத்தனை தேசிக்காய் தேய்த்துக் கழுவினாலும் அவருடைய விரல் இடுக்கில் உப்பும் மீனும் மணக்கும். அந்தக் கையை இழுத்து என் மூக்கடியில் வைத்துக்கொண்டால்தான் எனக்கு நித்திரை வரும்.

தபசு காலத்தில், உயிர்த்த ஞாயிறு வரும்வரை, இறைச்சி தொடமாட்டோம். அந்த நாற்பது நாளும் எங்கள் சனத்தின் சட்டியில் வெந்தது சின்னம்மாவின் கருவாடு. கோயில் மணிக்குப் புதுக் கயிறு, பீடத்துக்கு விரிப்பு, நாடக மேடைக்கு மேலே கட்டப் படங்கு, எல்லாம் வாடியிலிருந்து போனவைதான். வாங்கும்போது யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் மாதா சபைப் பெண்கள் வீட்டுக்கு வீடு செபமாலை சொல்லப் போகும்போது முன்னுக்கு நின்று சொல்ல ஒருநாளும் அவரைக் கூப்பிடவில்லை. கருவாட்டுக்காரிதானே. அதை அவர் பெரிதாக எடுத்ததாகவும் தெரியவில்லை. பின்வரிசையில் நின்று எல்லோரையும்விட நல்ல குரலில் பாடிவிட்டு வருவார்.

அந்த வருடம் பங்குக் கோயிலில் பூசை வைக்கப் புதுச் சுவாமி வந்தார். அதுவரை எங்கள் நாடகத்தில் பெண் வேடமும் ஆண்கள்தான். மீசை மழித்த ஒரு தச்சுவேலைக்காரர்தான் கன காலமாக எங்கள் வியாகுல மாதா. உங்களுக்கு நினைவிருக்கும், அவர் அழும்போது நாங்கள் சிரிப்போம். இனிமேல் பெண் வேடத்துக்குப் பெண்களே என்று புதுச் சுவாமி சொன்னார். உடனே மாதா வேடத்துக்கு அடிபிடி. ஆண்டவரின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்காள் வேடத்துக்கும் மூன்று வீட்டார் தங்கள் பெண்களைக் கொண்டு வந்தார்கள். மதலேனாள் வேடத்துக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

எப்படி வருவார்கள்? மதலேனாள் என்றால் எங்களுக்கு ஒரே கதைதான். கெட்டுத் திரிந்தவள், பிறகு மனம் திரும்பி, யேசுவின் காலைக் கண்ணீரால் கழுவித் தலைமயிரால் துடைத்தவள். நாடகத்தை எழுதிப் பழக்கிய அண்ணாவியார் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். விபசாரத்தில் பிடிபட்டு, கல்லெறிந்து கொல்ல இழுத்து வரப்பட்ட பெண்ணும் அவள்தான் என்று பாட்டுக் கட்டியிருந்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளை அதற்கு ஏறுமா? அண்ணாவியார் நேரே வாடிக்கு வந்தார்.

"பிள்ளை, உன்ர குரலுக்கும் தலைமயிருக்கும் இந்தப் பங்கில வேற ஆள் இல்லை."

"நான் மேடையில ஏறினா முன்வரிசை மூக்கைப் பொத்தும் அண்ணாவியார்," என்று சின்னம்மா சிரித்தார்.

"ஆண்டவர்ர காலடியில இருக்கிற பாத்திரம். இதுக்கு மேல என்ன வேணும் சொல்லு?"

சின்னம்மா ஓம் என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றைக்கு வீட்டில் சட்டி பானையை எல்லாம் சத்தமாக வைத்தார்.

"பாலையூற்றுச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில உனக்கு ஏன் இந்த விசர் வேலை? ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"வேதத்தில இருக்கிற கதைதானே அக்கா. கோயிலுக்குச் செய்யிறதைப் பிழை எண்டு ஆர் சொல்லப்போகினம்?"

அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

சம்பந்தம் பேசியது உண்மை. பாலையூற்றில் இருந்து தபாற் கந்தோரில் வேலை பார்த்த ஒருவர். வயது சற்றுப் போனவர், அதிகம் பேசாதவர். சின்னம்மாவைக் கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். தபசு காலத்தில் கல்யாணம் இல்லை என்பதால், உயிர்த்த ஞாயிறு கழிந்த அடுத்த கிழமை கோயிலில் அறிவிப்பது என்று முடிவாகியிருந்தது. சின்னம்மா ஒருநாளைக்கு இரண்டு தரம் தேசிக்காய் தேய்க்கத் தொடங்கினார். மீன் கீறும்போதும் வாய்க்குள் பாட்டு. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், எனக்கு மட்டும் இல்லை. அவர் போனால் நான் யாருடைய பாயில் படுப்பது? எங்கள் வீட்டிலிருந்து பாலையூற்று மூன்று மைல் வராது. பத்து வயதில் எனக்கு அது கடலுக்கு அப்பால் இருந்தது.

கிழமைக்கு ஒருதரம் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி கருவாடு எடுக்க வருவார். நாங்கள் நானா என்போம். நாடகத்தில் மதலேனாள் கையில் வைத்திருக்கும் பரிமளதைலச் சிமிழுக்கு, ஊறுகாய்ப் போத்தல் ஒன்றுக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுத்திருந்தார் அண்ணாவியார். அதைச் சின்னம்மா நானாவிடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த கிழமை நானா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். கண்ணாடி மூடி, கழுத்தில் தங்க நிறக் கோடு.

"இந்தா தங்கச்சி. என்ட பொஞ்சாதி தந்து உட்டா. அவட மாமா மக்காவில இருந்து கொண்டு வந்த அத்தர். ஈசா நபிட கதைக்கு ஊறுகாய்ப் போத்தல் சரிவராதாம்."

எங்கள் யேசுவைத்தான் அவர்கள் ஈசா நபி என்பார்கள். நான் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னதில் ஒரு சொல் விடாமல் கேட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுகளைச் செய்தது யார் என்றாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? சின்னம்மாதான். வாடியில் எங்களை வட்டமாக இருத்தி, சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கி, உள்ளே வைக்கோலும் புளியங்கொட்டையும் வைத்து, கோதுமைப் பசை பூசி உருட்டித் தந்தார். புளியங்கொட்டை சத்தத்துக்கு.

"பயப்படாமப் பலமா எறியுங்கோ. எனக்கு நோகாது," என்றார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பின்னேரம் நாடகம். பாலையூற்று மாப்பிள்ளையும் தாயாரும் முன்வரிசைக் கதிரையில். மேடையில் சின்னம்மா கொண்டையை அவிழ்த்தார். முழங்கால்வரை விழுந்தது. அவ்வளவு மயிர் அந்தக் கொண்டைக்குள் இருந்ததென்று அதுவரை ஊருக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஆண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. அண்ணாவியார் கையைக் காட்ட, நாங்கள் பாய்ந்தோம். "பாவி! பாவி!" என்று கத்தினோம். நான் எறிந்த கல் அவருடைய நெற்றியில் பட்டது. கூந்தலுக்குள்ளால் என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார், நல்லா எறிஞ்சாய் என்பதுபோல. பிறகு அத்தர் போத்தலைத் திறந்தார். முன்வரிசைவரை அந்த வாசம் வந்தது. பாட்டு எடுத்தபோது மாதா சபைப் பெண்களே விம்மினார்கள். மாப்பிள்ளை கை தட்டினார். தாயார் மடியில் கையை வைத்தபடி இருந்தார்.

நாடகம் முடிந்து அவர்கள் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார்கள். சின்னம்மா கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அப்பாவோடு முற்றத்தில். அம்மா குசினிக்குள். மாப்பிள்ளையின் தாயாரை நான் மாமி என்றேன், அவர் என்னைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார்.

"கலியாணம் முடிய வாடியைக் குடுத்துப்போட்டு எங்களோட வந்திருக்கட்டும் உன்ர சின்னம்மா. உனக்குச் சந்தோசம்தானே?"

மாமி என் பதிலுக்கு நிற்கவில்லை.

"அந்த வாசம் நல்லா இருந்துது. கடையில எடுத்ததோ?"

"இல்லை மாமி. கிண்ணியா நானா கொண்டுவந்து குடுத்தவர். சின்னம்மாவுக்கெண்டு. மக்காவில இருந்து வந்த அத்தர்."

"ஆர் பிள்ளை நானா?"

"ஒவ்வொரு கிழமையும் வாடிக்கு வாறவர்."

ஒரு சொல் பொய்யில்லை. பொஞ்சாதி தந்துவிட்டார் என்பது மட்டும் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். தெரிந்துதான் விழுங்கினேன். பத்து வயதுக்கு என்ன தெரியும் என்று எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாமி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

பெரிய வியாழனுக்கு எங்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையாக விட்டார்கள். நான் முழங்காலில் நின்று, ஒரு ஆளைப் பற்றி இன்னொரு ஆளிடம் கதை சொன்னேன் என்று சொன்னேன்.

"பொய் சொன்னனியோ?" என்று சுவாமி கேட்டார்.

"இல்லை சுவாமி. உண்மைதான் சொன்னனான்."

"அப்ப அது பாவமில்லைப் பிள்ளை. போ."

எனக்குப் பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள், அவருக்கும் அவசரம். நான் லேசாக எழும்பி வந்தேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து மூன்றாம் நாள் பாலையூற்றிலிருந்து ஆள் வந்தது. இப்போதைக்கு வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை. காரணத்தை எங்கள் பெரியவர்களே ஆளுக்கொன்றாகச் செய்து வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குக் குற்றவாளி நாடகம். அண்ணாவியாருக்குக் கருவாட்டு வாடி. சுவாமிக்கு எல்லாம் தேவசித்தம். அப்பா சீதனம் காணாது என்று நினைத்தார். உப்புப்பெட்டிபோல வாயை மூடிக்கொண்டு நான் ஒரு மூலையில் இருந்தேன். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அன்று பின்னேரம் சின்னம்மா வாடியில் வழக்கம்போலக் கட்டா கீறிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"மாமி உன்னட்ட அத்தரைப் பற்றி ஏதும் கேட்டவவோ குஞ்சு?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி, பரவாயில்லை. நீ போய் விளையாடு," என்றார்.

அடுத்த கிழமை நானா வந்தபோது, மிச்ச அத்தரோடு போத்தலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். நானா வாங்கிப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு கருவாடு எடுக்க மகனைத்தான் அனுப்பினார்.

மதலேனாள் என்ற பேர் எப்போது ஒட்டியது என்று உங்களைத்தான் கேட்கவேண்டும். நாடகம் முடிந்த கையோடு தெருவில் கல்லெறி விளையாட்டுத் தொடங்கினோம், சின்னம்மா போனால் "மதலேனாள் போறா" என்று கத்துவோம். நானும் கத்தினேன். முதலில் பகிடி, பிறகு பழக்கம். பிறகு அது மரியாதையாகவும் ஆகிவிட்டது. மதலேனாள் அக்காவிடம் கருவாடு வாங்கினேன், மதலேனாள் அக்கா கோயிலுக்கு விளக்கு வாங்கித் தந்தா. அவரும் திரும்பிப் பார்ப்பார். வேறு என்ன செய்ய ஏலும்?

எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்தது. சின்னம்மா எங்கும் போகவில்லை. என்னைப் பள்ளிக்கு அனுப்பினார், கட்டிக் கொடுத்தார், என் பிள்ளைகளை வளர்த்தார். சண்டைக் காலத்தில் வாடி இருந்த கரையில் ஆமியின் காவலரண் வந்தது. அதற்குப் பிறகு என் வீட்டுக் குசினிக்குப் பின்னால் நாலு கட்டாவைக் காயப்போட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்வார். கொண்டையை மட்டும் அவிழ்த்துவிட்டு நான் கண்டதில்லை. படுக்கும்போதும் கொண்டைதான். கடைசி வருத்தத்தில் நான்தான் அவிழ்த்துச் சீவினேன், என் சின்னவிரல் மொத்தத்துக்கு இருந்தது. சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு வாய்வரை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இதமா இருக்கு பிள்ளை," என்றார். நான் சீவிக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் தபசு காலத்துக்குச் சற்று முன் செத்துப்போனார். மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தது நான். ஞானஸ்நானப் பேரை எழுதி, அடைப்புக்குறிக்குள் மதலேனாள் என்று போட்டேன். போடாவிட்டால் ஊரில் ஒருவருக்கும் ஆள் தெரியாது. வெளிநாட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய மலர்வளையங்களிலும் அந்தப் பேர்தான் இருந்தது.

இனி இந்த வருடக் கதை. எங்கள் பங்கு மண்டபத்தில் புதன்கிழமைகளில் ஒரு இளம் சிஸ்டர் வேதாகமக் காலத்து ஊர்களையும் பழக்கவழக்கங்களையும் பற்றி வகுப்பு எடுக்கிறார். வாறவர்கள் எல்லாம் என்னைப்போலக் கிழடுகள்தான். சுவரில் படம் விழுத்திக் கலிலேயாக் கடலைக் காட்டினார். கடல் என்கிறார்கள், எங்கள் கொட்டியாரக் குடாவோடு ஒப்பிட்டால் ஒரு குளம். கரையில் ஒரு புள்ளியைத் தொட்டு, இதுதான் மகதலா, மதலேனாளின் ஊர் என்றார்.

"இந்த ஊர் எதுக்குப் பேர் போனது தெரியுமோ? மீன். மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைக்கிற ஊர். இங்க இருந்து உப்பு மீன் ரோமாபுரி வரைக்கும் போனதாம். மதலேனாள் கை வசதியுள்ள பொம்பிளை. ஆண்டவருக்கும் சீடருக்கும் தன்ர சொந்தத்தில இருந்து செலவு செய்தவ எண்டு லூக்கா எழுதியிருக்கிறார்."

கையை உயர்த்தினேன்.

"சிஸ்டர், அப்ப காலைக் கழுவித் துடைச்சது?"

"அது பேர் சொல்லாத வேற ஒருத்தி அம்மா. கல்லெறியக் கொண்டு வந்ததும் வேற ஒருத்தி. மதலேனாளைக் கெட்டவ எண்டு நாலு சுவிசேசத்தில ஒரு இடத்திலயும் இல்லை. ஏழு பேய் விலகினதெண்டு இருக்கு, அது வருத்தமாயும் இருக்கலாம். ஐந்நூறு அறுநூறு வருசம் கழிச்சு ரோமாபுரியில ஒரு பாப்பரசர் பிரசங்கத்தில மதலேனாளையும் காலைக் கழுவினவளையும் ஒருத்தியெண்டு சொன்னார், கல்லெறிக் கதையைச் சனம் பிறகு சேர்த்தது. அது அப்பிடியே நிண்டுட்டுது."

பக்கத்தில் இருந்தவர்கள், "அட, அப்பிடியோ," என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து இனிப்பு எடுத்துத் தின்றார்கள். சிஸ்டர் தொடர்ந்தார். அந்தக் காலத்தில் பெண்ணுடைய சாட்சியை நீதிமன்றத்தில் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். அப்படியிருந்தும் உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட சாட்சியாக மதலேனாளைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் ஓடிவந்து சொன்னபோது ஆண்கள் நம்பவில்லை.

அங்கே பெரிய பெண் சொன்ன சாட்சி எடுபடவில்லை. எங்கள் ஊரில் பத்து வயதுப் பெண் சொன்ன அரைச் சாட்சி ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் எடுபட்டது. எனக்கு எல்லோர் மீதும் கோபம் வந்தது. அண்ணாவியார் மீது, சுவாமி மீது, இவ்வளவு காலம் கழித்து வந்து படம் காட்டும் அந்தப் பிள்ளை சிஸ்டர் மீதும். உப்பு மீன் ஊர்க்காரி, தன் கைக்காசில் கோயிலுக்குச் செய்தவள். சின்னம்மா அந்த வேடத்துக்குப் பொருத்தமானவர்தான். அதைச் சொல்ல வேண்டியவர்கள், அவருடைய கொண்டையை அவிழ்த்து, எங்கள் கையில் கல்லைக் கொடுத்தார்கள். அந்தக் கல்லையும் அவரையே செய்ய வைத்தார்கள்.

போன கிழமை ஆண்டுத் திவசப் பூசை. இந்த முறை ஞானஸ்நானப் பேரை மட்டும் வாசித்தால் போதும் என்று கோயில் கந்தோரில் எழுதிக் கொடுத்தேன். அடைப்புக்குறி இல்லை, வேறு பேர் இல்லை. ஒருநாளாவது அவர் தன் சொந்தப் பேரோடு அந்தக் கோயிலுக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன். சுவாமி வாசித்தார். ஒரு தலையும் குனியவில்லை. இரண்டு வாங்கு முன்னால் பாலையூற்று மாப்பிள்ளை, தொண்ணூறை எட்டிவிட்டார், மனைவியின் தோளைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பேர் அவர் காதில் விழுந்ததாகக்கூடத் தெரியவில்லை.

என் பக்கத்தில் நின்றவள் உங்களில் ஒருத்திதான். அந்தக் கூட்டத்தில் என்னோடு கல்லெறிந்தவள். என் முழங்கையைத் தட்டினாள்.

"ஆரடி இது? இந்தப் பேரில எங்கட பங்கில ஆர் செத்தது?"

"என்ர சின்னம்மா."

"எந்தச் சின்னம்மா?"

"எனக்கு எத்தினை சின்னம்மா?"

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஓ... எங்கட மதலேனாள் அக்காவோ! அதை முதலே சொல்லக்கூடாதோ?"

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி, "மதலேனாள் அக்காவுக்காம், மதலேனாள் அக்காவுக்காம்," என்று அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். ஆள் தெரிந்துவிட்ட நிம்மதியில் வாங்கு வாங்காக எல்லோரும் தலையைக் குனிந்து செபித்தார்கள். என் முழங்கையில் இருந்த கை இன்னும் எடுபடவில்லை.

"அவதானேடி?" என்றாள்.

வாடியில் சின்னம்மா கேட்டபோது இல்லை என்று ஆட்டிய அதே தலையை, ஓம் என்று ஆட்டினேன்.